பாடத்திட்டத்துக்கு வெளியே ஓர் ஆசிரியர்

ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் பணிப்பதிவேட்டில் அவருடைய கல்வித்தகுதி, நியமன நாள், ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு, பெற்ற பாராட்டு, அடைந்த தண்டனை ஆகிய அனைத்துக்கும் பக்கம் உண்டு. பள்ளி முடிந்த பிறகு அவர் எதில் மனம் தோய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு மட்டும் இடமில்லை. கணக்கு ஆசிரியர் ஒருவர் இணையப் பக்கங்களை வடிவமைக்கக் கற்றுக்கொள்வதையும், அறிவியல் ஆசிரியை ஒருவர் ஜப்பானிய அனிமேஷன் படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பதையும், தமிழாசிரியர் ஒருவர் பழைய காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்து வைப்பதையும் நிர்வாகமும் பெற்றோரும் பொழுதுபோக்கு என்ற கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தாமே விரும்பி ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு, பாடநூல் தர முடியாத கல்வி என்பதால், இந்தக் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் காணும் பெரியவர்களில் பெரும்பாலோர் ஒரே தொழிலில் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுப் பகுதியில் அந்தத் தேவை மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருக்கிறது.

சாத்தூர், சிவகாசி, வேம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிய கரிசல் நிலத்து ஊர்களில் ஒன்றான அச்சங்குளத்தின் பெயரை நாடு அறிந்தது 2021 பிப்ரவரி 12 அன்று அங்குள்ள பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதுதான். மழை பொய்த்தால் விளையாத மானாவாரி மண்ணில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேலை தந்தன என்பது உண்மை. அந்த வேலைக்குள் குழந்தைகளும் இழுக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், அதைத் தொடர்ந்து 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், சிவகாசியின் நிலையை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு ஆகியவற்றின் வழியாகவும், அறிவொளி இயக்கம் போன்ற மக்கள் முயற்சிகளின் வழியாகவும், தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் வேலைக்கு அமர்த்தியவரிடம் வசூலித்து நல நிதியில் சேர்க்கச் சொன்ன அந்தத் தீர்ப்பு, குழந்தையை ஆலைக்கு வெளியே கொண்டுவந்தது. வெளியே வந்த குழந்தை பள்ளியில் எதைக் காண்கிறது என்பது தீர்ப்புக்குள் அடங்காத கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியர்.

ஆசிரியரின் சொந்த ஈடுபாடு சமூகத்துக்கே சொத்தாகிய சான்றுகள் தமிழில் உண்டு. கோபிசெட்டிபாளையத்திலும் பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் பணியாற்றிய கணித ஆசிரியரான பெரியசாமித் தூரன், கீர்த்தனைகள் இயற்றினார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார், உளவியல் நூல்கள் எழுதினார். எல்லாவற்றின் மீதும் கொண்ட அந்த ஆர்வமே, 1954-க்கும் 1968-க்கும் இடையே பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழின் முதல் நவீனக் கலைக்களஞ்சியத்துக்கும், அதற்குப் பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கும் அவரை முதன்மைப் பதிப்பாசிரியராக்கியது. பாடவேளையில் கணக்கை மட்டும் நடத்திவிட்டுப் போயிருந்தால் அவர் நல்ல கணக்கு ஆசிரியராக ஓய்வு பெற்றிருப்பார், அவ்வளவுதான்.

இணைய வடிவமைப்பு என்னும் துறைக்கே நேராகப் பொருந்தும் சான்று சிங்கப்பூரில் இருக்கிறது. ஆசிரியராகப் பணியைத் தொடங்கி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளராக உயர்ந்த நா. கோவிந்தசாமி, சிறுகதை எழுத்தாளர் என்றே முதலில் அறியப்பட்டவர். கணினியை அவர் பட்டத்துக்காகப் படிக்கவில்லை, தமிழ் அதில் ஓட வேண்டும் என்ற ஆசையால் கற்றுக்கொண்டார். கணினியில் தமிழை எழுதுவதற்கான கணியன் என்ற முறையை உருவாக்கிய அவருடைய உழைப்பால், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தந்த ஓர் இணையத்தளம் 1995 அக்டோபரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங்கால் தொடங்கி வைக்கப்பட்டபோது, தமிழும் அதில் இடம்பெற்றது. உலகளாவிய வலை பொதுமக்களிடம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடியாமல் திண்டாடிய காலமும் அதுவே. அந்தச் சிக்கலைத் தீர்க்க உலகெங்கும் சிதறியிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்களை 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூட்டிய தமிழ்நெட் 97 மாநாட்டின் பின்னணியிலும் அவர் இருந்தார். 1999-இல், 53-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவரோடு ஒரே காலத்தில் இயங்கிய பலரும் இப்படியே விருப்பத்தால் வந்தவர்கள்: 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கிய கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். இன்று பள்ளிப் பிள்ளைகளின் கைப்பேசியில் தமிழ் தெரிவதற்கு இத்தகைய பலருடைய வேலைநேரம் கடந்த உழைப்பும் அடிப்படை.

இணையப் பக்கம் ஒன்றை உருவாக்குவது பெரிய செலவு கேட்கும் கலை அன்று. எச்டிஎம்எல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மீயுரைக் குறிமொழி, எது தலைப்பு, எது பத்தி, எது படம், எதைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும் என்பதை உலாவிக்குச் சொல்லும் எளிய குறிகளின் தொகுப்பு. சிஎஸ்எஸ் எனப்படும் நடைதாள், அந்தத் தலைப்பு எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்வளவு இடைவெளியுடன் தோன்ற வேண்டும் என்பதைச் சொல்வது. இரண்டையும் எழுத நோட்பேட் போன்ற சாதாரண எழுதுபலகை மென்பொருளே போதும். இணைய இணைப்பே இல்லாத கணினியிலும் எழுதிப் பார்க்கலாம். தடித்த எழுத்துக்கான குறியை மூட மறந்தால் அதற்குப் பின் வரும் எழுத்தெல்லாம் தடித்துவிடும், மூடியதும் சரியாகிவிடும் என்பதால், பிழை ஏற்பட்ட இடத்தைப் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் மாணவருக்குத் திட்டு வாங்காமலே கைவருகிறது. மற்றவர் செய்த பக்கத்தின் மூலக்குறியையும் திறந்து படிக்கலாம் என்ற ஏற்பாடு, ஒரு தொழிலின் உள்விவரத்தை மறைக்காமல் கற்பவர் முன் வைப்பதால், இந்தத் துறை ஆசிரியர்களைக் கவர்வதில் வியப்பில்லை.

தமிழாசிரியருக்கு இதில் தனியான விருந்து ஒன்று காத்திருக்கிறது. இலக்கணப்படி ‘க்’ என்ற மெய்யும் ‘அ’ என்ற உயிரும் சேர்ந்து ‘க’ என்ற உயிர்மெய் பிறக்கிறது. கணினிக்கான பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடோ ‘க’ என்பதையே அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் புள்ளி என்ற தனிக் குறியைச் சேர்த்து ‘க்’ என்பதை உண்டாக்குகிறது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால், ஈய எழுத்துகளைக் கையால் கோத்த பழைய அச்சகத்துக் கம்பாசிட்டர் கொம்பு, ககரம், கால் என மூன்று அச்சுகளை இடமிருந்து வலமாக அடுக்கினார். கணினி, ககரத்தை முதலில் வைத்து, கொம்பும் காலும் இணைந்த ஒகரக் குறியை ஒற்றைக் குறியாக அதன்பின் சேமித்து, திரையில் காட்டும்போதுதான் இருபுறமும் பிரித்து வைக்கிறது. இலக்கணம் ஒலியைப் பார்த்தது, அச்சகம் வடிவத்தைப் பார்த்தது, கணினி சேமிக்கும் வசதியைப் பார்த்தது. அச்சகத்தில் வேலை பார்த்த தாத்தா ஒருவராவது பல குடும்பங்களில் இருக்கும் சிவகாசி வட்டாரத்தில், இந்த மூன்றையும் ஒரே பாடவேளையில் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய ஆசிரியர், எழுத்தியலை மனப்பாடப் பகுதியிலிருந்து மீட்டுவிடுகிறார்.

நிறத்தைப் பற்றிய பாடம் இதைவிடவும் ஊரோடு ஒட்டியது. பட்டாசில் சிவப்பு ஒளி ஸ்ட்ரான்சியம் உப்புகளாலும், பச்சை பேரியம் உப்புகளாலும், நீலம் தாமிரச் சேர்மங்களாலும், மஞ்சள் சோடியத்தாலும் கிடைக்கின்றன. வெப்பத்தால் கிளர்ந்த அணுக்களும் மூலக்கூறுகளும் தத்தமக்குரிய அலைநீளத்தில் ஒளியை உமிழ்வதே காரணம். சிவகாசியின் ஆப்செட் அச்சகத்தில் அதே சிவப்பு, மஞ்சள் மையும் கருஞ்சிவப்பு மையும் நுண்புள்ளிகளாகத் தாளில் அருகருகே விழுந்து, வெள்ளை ஒளியின் பிற பகுதிகளை உறிஞ்சிக்கொள்வதால் தோன்றுகிறது. இணையப் பக்கத்திலோ சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்று மூன்று எண்களாக அது எழுதப்படுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் இருப்பதால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும் என்பதை ஏழாம் வகுப்பு மாணவரே பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். வானத்தில் எரியும் ஒளி, தாளில் உறிஞ்சப்படும் ஒளி, திரையில் கூட்டப்படும் ஒளி என்ற மூன்று வேறு இயற்பியல்கள் ஒரே நிறத்துக்குள் இருக்கின்றன. பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டபோது பச்சை நிறத்துக்கும் தங்கள் வீட்டு வாரக்கூலிக்கும் உண்டான உறவை இங்குள்ள பிள்ளைகள் நேரடியாக உணர்ந்திருப்பார்கள். அந்த உறவின் வேதியியலை விளக்கும் வாய்ப்பு, நிறத்தின் மீது சொந்தமாகப் பித்துக் கொண்ட ஆசிரியருக்கே முதலில் கண்ணில் படும்.

நேரு சூட்டிய பெயர் என்று இப்பகுதி மக்கள் பெருமையோடு சொல்லும் ‘குட்டி ஜப்பான்’ என்பது சிவகாசியின் உழைப்பைக் குறித்தது. அந்த உழைப்புக்குள் இருந்த குழந்தைகளைச் சலம் பென்னூர்கர் 1990-இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படமாகப் பதிவு செய்தார். இன்று அதே ஊர்களின் பிள்ளைகள் ஜப்பானை வேறு வழியில் அறிந்திருக்கிறார்கள். டோரேமானும் ஷின்-சானும் போக்கிமானும் தொலைக்காட்சியில் தமிழ் பேசி வளர்ந்த தலைமுறை இது; ‘டீமன் ஸ்லேயர்’ வரிசையின் திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலுடனேயே திரையரங்குகளுக்கு வந்தது. அனிமே என்று அழைக்கப்படும் இந்த ஜப்பானிய அனிமேஷனை, படிப்பைக் கெடுக்கும் பொம்மைப் படம் என்று ஒதுக்குகிற ஆசிரியருக்கும், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று வியந்து தேடிய ஆசிரியருக்கும் வகுப்பறையில் உள்ள தூரம் மிகப் பெரிது.

செய்முறையே ஒரு பாடம். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன; ஒவ்வொன்றுக்கும் புதிய ஓவியம் வரைந்தால் செலவு கட்டுப்படியாகாது. மருத்துவம் படித்துவிட்டுச் சித்திரக்கதைக்கு வந்த ஒசாமு தெசுகா, 1963 ஜனவரி முதல் நாள் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வாரந்தோறும் தரத் தொடங்கியபோது, ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைப்பது, வாயை மட்டும் அசைப்பது, பின்னணியை மட்டும் நகர்த்துவது, ஒருமுறை வரைந்ததைச் சேமித்து மறுபடியும் எடுத்தாள்வது என்ற சிக்கன முறைகளைக் கையாண்டார். 24 ஓவியங்களுக்குப் பதில் எட்டு ஓவியங்களில் ஒரு நொடியைக் கடக்கும் இந்தக் கணக்கை, பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் வரைந்து விரலால் புரட்டும் மாணவரும் செய்து பார்க்க முடியும். வறுமையில் பிறந்த உத்தி ஒரு கலையின் அழகாகவே மாறிய இந்த வரலாறு, குறைந்த வசதியில் நிறைய செய்யப் பழகிய கரிசல் நிலத்துப் பிள்ளைக்கு அந்நியமாக இருக்காது.

இந்தியாவுக்கும் இந்தக் கலைக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1983-இல் தொல்லியல் அகழாய்வு பற்றிய ஆவணப்பட வேலையாக இந்தியா வந்த ஜப்பானிய இயக்குநர் யூகோ சாக்கோ, இராமாயணத்தால் ஈர்க்கப்பட்டு, இந்திய அனிமேஷன் முன்னோடியான ராம் மோகனும் கோய்ச்சி சசாகியும் உடன் இயக்க, கையால் வரையப்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் ஓவியத் தகடுகளைக் கொண்டு ஒரு திரைப்படத்தை உருவாக்கினார். 1990-களின் தொடக்கத்தில் முடிந்த அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. அகழாய்வைப் பார்க்க வந்தவர் அனிமேஷன் செய்துவிட்டுப் போனார் என்ற செய்தி, அச்சங்குளம் வட்டாரத்திலேயே விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தொடங்கிய வேம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல்களையும் கண்ணாடி மணிகளையும் பார்த்து வரும் மாணவர்க்கு எத்தனையோ யோசனைகளைத் தரக்கூடியது.

அனிமே முழுவதும் எல்லா வயதுக்கும் ஏற்றதன்று. வன்முறையும் பெரியவர்களுக்கான உள்ளடக்கமும் மிகுந்த தொடர்கள் ஏராளம் என்பதால், எதை எந்த வகுப்புக்குக் காட்டலாம் என்று தேர்ந்தெடுக்கும் தகுதி, அவற்றைப் பார்த்து அறிந்த ஆசிரியருக்குத்தான் உண்டு. ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனம் 1988 ஏப்ரலில் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’, இசாவோ தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ ஆகிய இரு படங்களையும் ஒன்றாகவே வெளியிட்டது. முதல் படத்தில், நோயுற்ற தாய் மருத்துவமனையில் இருக்க, இரு சிறுமிகள் கிராமத்து வீட்டில் நாள்களைக் கடத்துகிறார்கள். இரண்டாவது படத்தில், தீக்குண்டு வீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் உலகப் போரின் முடிவில் பசியோடு அலைகிறார்கள். ஒன்பது வயதில் ஒக்கயாமா நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்த தகஹாதாவே அதை இயக்கினார். தீயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் உண்மையாகவே இருக்கும் ஊரில் இரண்டாவது படத்தை யோசிக்காமல் திரையிடுவது கொடுமை. முதல் படத்தைத் திரையிடுவதோ ஆறுதல். இந்த வேறுபாட்டைச் சுற்றறிக்கை அறியாது, அந்தப் படங்களை நேசித்து, அந்தப் பிள்ளைகளையும் அறிந்த ஒருவர் அறிவார்.

படக்கதையை இழிவாகக் கருத சிவகாசிக்கு உரிமையும் இல்லை. 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் இந்த ஊரிலிருந்தே வந்து, ஐரோப்பியச் சித்திரக்கதைகளைத் தமிழ்நாடு முழுவதும் வாசிக்க வைத்தன, அருகிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாள்காட்டிகளாக நாட்டின் பல வீடுகளுக்குச் சென்றன. படத்தைப் பெருக்கி உலகுக்கு அனுப்பிய இந்தப் பகுதியின் பள்ளிகளில் ஓவியப் பாடவேளை பெயரளவில் இருப்பதும், பொதுத்தேர்வு நெருங்கினால் அதுவும் கணக்குக்குப் போய்விடுவதும் பொருத்தமற்ற நிலை.

தேர்ச்சி விழுக்காட்டில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் வகித்தது. அந்தப் பெருமை ஆலையின் வாசலிலிருந்து ஏராளமான பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுபோனதை மறுக்க முடியாது. ஆனால், அந்த ஓட்டத்தில் ஆசிரியரின் ஈடுபாட்டுக்கு நேரம் மிச்சமாவதில்லை. கணினி அறிந்த ஆசிரியர் என்று தெரிந்தவுடன் பள்ளி அவருக்குத் தரும் முதல் வேலை, எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவதாக இருக்கிறது. ஓவியம், இசை, தையல், கணினி ஆகியவற்றைக் கற்பிக்க 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்து, ஊதியம் சிறிது சிறிதாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். ஆர்வத்தையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களை அரசு நடத்திய விதம் இதுவென்றால், மற்ற ஆசிரியர்கள் தங்கள் ஆர்வத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொள்வதை எப்படிக் குறை கூறுவது?

தேவையானவற்றில் பல ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்னும் கணினி அறை இருக்கிறது. சிறார் திரைப்படங்களைப் பள்ளிகளில் திரையிடும் திட்டம் 2022 முதல் நடக்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய ‘தேன்சிட்டு’ மாணவர்க்கும் ‘கனவு ஆசிரியர்’ ஆசிரியர்க்கும் இதழ்களாக இருக்கின்றன. இல்லாதது நேரம். வாரத்தில் இரண்டு பாடவேளைகளை, ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குப் பிடித்த ஒன்றை மதிப்பெண் இல்லாமல் மாணவரோடு சேர்ந்து செய்வதற்கு ஒதுக்கினால், விஜயகரிசல்குளத்துச் சங்கு வளையல்களுக்கு மாணவரே ஓர் இணையப் பக்கம் உருவாக்கலாம், எட்டு ஓவியங்களில் ஒரு மத்தாப்பூ எரிவதை வரையலாம். இந்தப் பகுதியில் பெற்றோரை விடியற்காலையில் ஏற்றிச் செல்லும் ஆலை வேன் அவர்களை மாலை மங்கும் நேரத்தில்தான் இறக்கிவிடுகிறது; பள்ளி மணி அடிப்பதற்கும் வேன் வருவதற்கும் இடையே பிள்ளைகள் ஆளில்லாத வீட்டில் இருக்கிறார்கள். கணினி அறையை அந்த நேரம் வரை திறந்து வைக்கவும், உடன் இருக்கும் ஆசிரியருக்கு மதிப்பூதியம் கொடுக்கவும், பெண் பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு திரும்பவும் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் இயற்றி ஏற்பாடு செய்யலாம். அதற்கான பணத்தை, பட்டாசு ஆலைகளிடமிருந்து பெறப்படும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தே மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்கலாம்.